மரத்திலிருந்து அட்டை விழாது

லுவாங் பிரபாங்,
நவம்பர் 18

அன்பு மகள் சந்தலாவுக்கு அம்மா கம்மனி எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். உன்னையும் மாப்பிள்ளை கோலினையும் ஒரு குறையும் அண்டக்கூடாது என்று தினமும் விடியற்காலையில் பிட்சுகளின் பாத்திரத்தில் சோறு இடும்போது வேண்டிக்கொள்கிறேன். கோலினின் அம்மா ஜூடித்தும் சுகமாக இருக்கட்டும். இந்தக் கடைசி வரியை எழுத நான் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்று அப்பாவைக் கேள், சொல்வார். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் உன் முகம் தெரிந்த அடுத்த நிமிஷம் பக்கத்தில் அந்த அம்மாவின் தலையும் வந்துவிடுகிறது, கையை ஆட்டுகிறார், நானும் சிரித்துக் கையை ஆட்ட வேண்டியிருக்கிறது, அதற்குள் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். அப்பா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவார். படிக்காமல் பிடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். படிப்பார்.

முந்தாநாள் நீ அனுப்பிய செய்தியைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஜூடித் வரவில்லையாம், அவரைத் தனியாக விட்டுவிட்டு வர கோலினுக்கு மனமில்லையாம், ஆகவே வருகிற வெள்ளிக்கிழமை மூன்று டிக்கெட்டையும் ரத்து செய்துவிட்டு ஜனவரியில் மூன்று பேரும் உங்கள் நாட்டிலேயே ஏதோ கடற்கரைக்குப் போகிறீர்களாம். அடுத்த வருஷம் பாக்கலாம்மா என்று முடித்திருக்கிறாய். அடுத்த வருஷம் என்றால் எட்டு வருஷம் ஆகிவிடும், சந்தலா. காலையில் கடையில் சூப்புக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தடவை போட்டு, பாங்காக்கிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரப் பையன் முழுக் கிண்ணத்தையும் அப்படியே வைத்துவிட்டு ரொம்ப நன்றி என்று கும்பிட்டுவிட்டுப் போனான். நீங்கள் வராததற்கு நான்தான் காரணம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஆகவே உட்கார்ந்து படி.

அக்டோபரில் நீ என்ன கேட்டாய்? "அம்மா, ஜூடித் முதல் தடவையா நம்ம நாட்டுக்கு வர்றாங்க, என்ன கொண்டு வரணும், எதுல ஜாக்கிரதையா இருக்கணும், எல்லாம் எழுதி அனுப்பும்மா, அவங்க புத்தகத்தவிட உன்னத்தான் நம்புறாங்க" என்று கேட்டாய். நானும் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அதில் பாதிக்கு மேல் பொய். ஜனவரியில் விடாமல் மழை பெய்யும், மலை சரிந்து ரோட்டில் விழும், மரத்தடியில் நின்றால் மேலிருந்து அட்டை விழும் என்று எழுதினேனே, நீ இந்த ஊரில் பிறந்து இருபத்திரண்டு வருஷம் வளர்ந்தவள், ஜனவரியில் ஒரு சொட்டு மழையை என்றைக்காவது பார்த்திருக்கிறாயா? இப்போ காலம் மாறிப்போச்சு என்று கீழே ஒரு வரி சேர்த்திருந்தேன், அதை நம்பிவிட்டாய். உன்னைச் சொல்லி என்ன, அம்மா பொய் சொல்லுவாள் என்று எந்தப் பிள்ளை நினைக்கும்.

ஏன் அப்படி எழுதினேன் என்றால், சொல்லிவிடுகிறேன், பொறாமை. வேறு பெயர் வைத்துச் சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. அதே செய்தியில் நீ இன்னொன்றும் சொல்லியிருந்தாய், ஆற்றங்கரை விடுதியில் மூன்று பேருக்கும் அறை பார்த்தாகிவிட்டது, "மம்முக்கு முழங்கால் வலிம்மா, நம்ம வீட்டுக் கக்கூஸ்ல குந்த முடியாது" என்று. ஏழு வருஷம் கழித்து வருகிற மகள், என் அடுப்புப் புகை தெரிகிற தூரத்தில் ஒரு விடுதியில் படுத்து எழுந்திருப்பாள், நான் இங்கே சூப்பு ஆற்றிக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டுப் பென் அக்காவுக்கு இது தெரிந்தால் என்ன ஆகும்? அவள் மகள் வியன்டியானிலிருந்து மாதம் தவறாமல் வருகிறாள், வந்ததும் இவள் அந்த மகள் கையைக் கோத்துக்கொண்டு சந்தை முழுக்கச் சுற்றுகிறாள், என் கடை வரும்போது மட்டும் நடை மெதுவாகிவிடும். அந்த அம்மாவை நீ மம் என்கிறாய். அவர்கள் பேச்சில் அது அம்மாதான் என்பது தெரியாத அளவுக்கு நான் மண்டு இல்லை. அவர் தோட்டத்தில் நீங்கள் இருவரும் ஒரே மாதிரித் தொப்பி போட்டுக்கொண்டு பூசணிக்காயைத் தூக்கிப் பிடித்திருக்கும் படத்தை அப்பா பெரிதாக்கிச் சுவரில் மாட்டினார், நான் அதைக் காலண்டருக்குப் பின்னால் மாட்டினேன். அதையாவது பொறுத்துக்கொண்டேன். அவர் மூங்கில் கூடை வாங்கி நம் ஒட்டும் அரிசியை ஆவியில் வைக்கப் பழகிவிட்டார் என்றும், "உன் கைப்பக்குவம் மாதிரியே இருக்கும்மா" என்றும் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய் பார், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பது வருஷமாக நான் விடியுமுன் எழுந்து ஆவி வைக்கிறேன், அவர் பழகி ஒரு வருஷம் ஆகவில்லை, மாதிரியேவாம்.

சரி, இப்போது பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, இதை அந்த அம்மாவுக்கு ஒழுங்காகப் படித்துக் காட்டு, இது உண்மை. ஜனவரியைவிட நல்ல மாதம் எங்களுக்குக் கிடையாது. மழை இல்லை, ஆறு தெளிந்து இறங்கியிருக்கும், காலையில் பனிமூட்டமும் குளிரும் இருக்கும், ஒரு மெல்லிய ஸ்வெட்டரும் காலுறையும் போதும், பத்து மணிக்குமேல் அதையும் கழற்றிவிடலாம். கொசு குறைவு, ஆனாலும் மாலையில் பூசிக்கொள்ள வேண்டும், பூசுகிற மருந்தாகக் கொண்டுவரச் சொல், பீய்ச்சுகிற டப்பா வேண்டாம். வியன்டியானில் இறங்கி ரயிலில் வாருங்கள். வயதானவர்களை நிற்க வைத்துவிடுவார்கள் என்று எழுதியது பொய், எல்லோருக்கும் எண் போட்ட இருக்கை, இரண்டு மணி நேரம்தான், ஆனால் ஸ்டேஷனில் பெட்டியைச் சோதிப்பார்கள், பீய்ச்சுகிற டப்பா, கத்தி, கத்தரிக்கோல் எது இருந்தாலும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். அந்த அம்மா கைப்பையில் எப்போதும் நகம் வெட்டும் கத்தரிக்கோல் வைத்திருப்பார் என்று நீ சொல்லியிருக்கிறாய், அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும். பாஸ்போர்ட்டைப் பெட்டியின் அடியில் திணிக்க வேண்டாம், டிக்கெட்டோடு அதையும் காட்டச் சொல்வார்கள். விசாவுக்கு இரண்டு போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருக்கிறது, வாசலில் ஆளைப் பிடித்து இழுப்பார்கள், யாரோடும் போக வேண்டாம், அப்பா வந்து நிற்பார், இப்போதே சட்டை எடுத்து வைத்துவிட்டார்.

சாப்பாட்டைப் பற்றி எழுதியதும் பொய்தான். எல்லாவற்றிலும் பச்சை ரத்தம் ஊற்றுவோம் என்று எழுதியிருந்தேன். எங்கள் வீட்டில் என்றைக்கு ஊற்றினோம்? ஜாடியில் ஊறின மீன் நாறும் என்றது மட்டும் உண்மை, அது நாறத்தான் செய்யும், வேண்டாமென்றால் பப்பாளிக்காய் சாலட்டில் அதைப் போடாமல் இடித்துத் தருகிறேன். குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம், பாட்டில் தண்ணீர். நடுவில் ஓட்டை இருக்கிற ஐஸ்கட்டி என்றால் தொழிற்சாலையில் செய்தது, தைரியமாகப் போட்டுக்கொள்ளலாம். மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்கவே கூடாது, கோலினிடமும் சொல், என் கடைக்கு வருகிறவர்களில் பத்துக்கு இரண்டு பேர் கெண்டைக்காலில் புகைக்குழாய் சுட்ட கட்டோடுதான் வருகிறார்கள். அருவிக்குப் போனால் பாறை வழுக்கும், ரப்பர் செருப்பு ஆகாது. மலைமேல் கோயிலுக்கு முந்நூறு படிக்கு மேல் ஏற வேண்டும், அந்த முழங்காலோடு வேண்டாம், அப்பா சாயங்காலம் படகில் கூட்டிப் போவார், சூரியன் அங்கிருந்தும் அதே சூரியன்தான். அதற்கென்று படகில் ஒரு நாற்காலியை ஆணியடித்து வைத்திருக்கிறார், மெத்தையோடு. முப்பத்து நான்கு வருஷமாக அந்தப் படகில் நான் பலகையில்தான் உட்காருகிறேன்.

காலையில் பிட்சுகள் வரிசையாக வரும்போது எட்டி நின்று பார்க்கலாம், முகத்துக்கு நேரே போனை நீட்டி வெளிச்சம் அடிக்கக் கூடாது, பெண்கள் தொடக் கூடாது, தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், அவரும் சோறு இட ஆசைப்பட்டால் தெருவில் கூடையோடு துரத்துகிறவர்களிடம் வாங்க வேண்டாம், அது நேற்றைய சோறு, என் கூடையிலிருந்து எடுத்து இடட்டும். என் கூடையிலிருந்தே என்று எழுதிவிட்டேன், அதற்குமேல் யோசிக்கவில்லை. யார் தலையையும் தடவிக் கொடுக்க வேண்டாம், யாருக்கும் பாதத்தைக் காட்டி உட்கார வேண்டாம். முக்கியமாக, சாப்பிட்டு முடிந்ததும் சோற்றுக் கூடையை மூடச் சொல். திறந்தபடி விட்டால் புருஷன் பெண்சாதி பிரிந்துவிடுவார்கள். அந்த அம்மாவுக்குத்தான் புருஷன் இல்லையே, நமக்கென்ன என்று விட்டுவிடப் போகிறார், அது எங்கள் வீட்டுக் கூடை, எங்களைத்தான் பிடிக்கும்.

கக்கூஸ் விஷயம். நான் பொய் எழுதி அனுப்பிய அதே வாரம், எனக்குத் தெரியாமல், அப்பா வியன்டியானுக்குப் போய் நாற்காலி மாதிரி உட்காருகிற கக்கூஸ் ஒன்றை வாங்கி, ரயில்காரர்கள் ஏற்றமாட்டோம் என்றதும், ராத்திரி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தார். பின்னறைக்கு ஓடு போட வேண்டும் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம், இப்போது அங்கே தரையிலும் சுவரிலும் நீல ஓடு, கைபிடித்து எழுந்திருக்கக் கம்பி வேறு. "எனக்கும்தான் முழங்கால் வலிக்குது, என்னிக்காவது கேட்டீங்களா?" என்றேன். "உனக்கு வலிக்குதுன்னு நீ சொல்லவே இல்லையே, சூப்புக் கரண்டியத்தான காட்டுவே" என்றார். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. கக்கூஸ் நன்றாகத்தான் இருக்கிறது. ஆகவே விடுதி அறையை ரத்து செய், டிக்கெட்டை அல்ல.

இன்னும் ஒன்றுதான் பாக்கி, அதுதான் என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. போன வருஷம் ஜூலையில் உனக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆனது. எனக்கு எட்டு நாள் கழித்துத்தான் சொன்னாய், கவலைப்படுவேன் என்று. போனில் பார்த்தேன், உன் மணிக்கட்டில் வெள்ளை நூல். நீ இங்கிருந்து கிளம்பிய அன்று பெட்டியில் ஒரு பந்து நூல் வைத்தேனே, கோயிலில் மந்திரித்தது, அதே நூல். யார் கட்டினது என்றேன், ஜூடித் கட்டினாங்க என்றாய். நான் போனை வைத்துவிட்டேன், சிக்னல் போயிற்று என்று அப்புறம் சொன்னேன், அதுவும் பொய். அந்த அம்மாவுக்குப் புரியும்படி இதை நீயே சொல்: உடம்பில் முப்பத்திரண்டு உயிர் இருக்கிறது, நோய் வந்தால், பயந்தால், ஊர்விட்டு ஊர் போனால், அதில் சிலது வழி தெரியாமல் எங்காவது நின்றுவிடும், அவற்றைப் பெயர் சொல்லி வீட்டுக்குக் கூப்பிட்டு நூலால் கட்டி வைக்கிறோம். எந்த வீட்டுக்குக் கூப்பிடுகிறோமோ அந்த வீட்டில்தான் தங்கும். அப்படியானால் அவர் என் மகளின் உயிர்களை எந்த வீட்டுக்குக் கூப்பிட்டார்? ஹோபார்ட்டில் இருக்கிற தன் வீட்டுக்குத்தானே? அதுதான் நீ ஏழு வருஷமாக வரவில்லை, இனியும் வரமாட்டாய், வந்தாலும் விடுதியில்தான் படுப்பாய் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஆபரேஷனுக்கு முன்னாலேயே ஆறு வருஷம் நீ வரவில்லை என்கிற கணக்கெல்லாம் அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

நேற்று அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அட்டை, ரத்தம், ரயில், எல்லாம். திட்டுவார் என்று பார்த்தேன், துணியை எடுத்து நீல ஓடுகளைத் துடைக்க ஆரம்பித்தார். அப்புறம்தான் சொன்னார், ஆஸ்பத்திரியில் நடந்ததை நீ அவரிடம் போன வருஷமே சொல்லியிருக்கிறாயாம். மயக்கம் முழுசாகத் தெளியாமல் நீ அம்மா நூலு, அம்மா நூலு என்று பினாத்தியிருக்கிறாய், அந்த அம்மா வீட்டுக்கு ஓடிப்போய் உன் பெட்டியைக் குடைந்து நூலைக் கொண்டுவந்திருக்கிறார். என்ன சொல்லிக் கட்டணும் என்று கேட்டிருக்கிறார், வீட்டுக்கு வரச் சொல்லுங்க என்றிருக்கிறாய். எந்த வீட்டுக்கு என்று கேட்டிருக்கிறார், அதற்குள் நீ தூங்கிவிட்டாய். அவராகவே யோசித்து, கோலினிடம் என் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "எல்லாரும் கம்மனி வீட்டுக்குப் போங்க, கம்மனி வீட்டுக்குப் போங்க" என்று முப்பத்திரண்டு தடவை சொல்லி, முப்பத்திரண்டு முடிச்சுப் போட்டாராம். மூன்றாவது நாள் நர்ஸ் நூலை வெட்டக் கத்தரிக்கோலோடு வந்தபோது அவளை விரட்டியும் விட்டாராம். இதை ஏன் என்னிடம் ஒரு வருஷமாகச் சொல்லவில்லை என்று அப்பா மேல் பாய்ந்தேன். "நூலுன்னு வாயத் தொறந்தாலே எந்திரிச்சுப் போயிடுறே, நான் என்ன சுவத்துக்கிட்டயா சொல்றது?" என்றார்.

எனக்கு உடனே நன்றி வந்துவிட்டது என்று நினைக்காதே. பொறாமை இன்னும் ஏறித்தான் போயிற்று. அந்த இடத்தில் நான் இருந்து, அவர் பிள்ளை படுத்துக் கிடந்தால், ஜூடித் வீட்டுக்குப் போங்க என்று நான் சொல்லியிருப்பேனா? என் வாயில் வந்திருக்காது. என் வீட்டுக்குத்தான் கூப்பிட்டிருப்பேன், கதவையும் சாத்தியிருப்பேன். அவருக்கு அது தோன்றியதே, அது எனக்குப் பொறுக்கவில்லை. போதாததற்கு என் பொய்த் தாளைப் படித்துவிட்டு, "அங்கயே வாழுறவங்களுக்குத் தெரியாததா, கம்மனி நம்ம நல்லதுக்குத்தான் சொல்றாங்க" என்று சொல்லி வருவதை நிறுத்திக்கொண்டாராம். இதற்கு அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். இனி அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை, ஆனாலும் பார்க்க வேண்டும், வரச் சொல். இந்தக் கடிதத்தில் பொறாமை என்று வருகிற இடங்களையும் விடாமல் படித்துக் காட்டு, கூடையை மூடுவது பற்றி எழுதியதை மட்டும் கொஞ்சம் மரியாதையாக மாற்றிச் சொல்.

இப்போது நீயே யோசித்துப் பார். அவர் அனுப்பியபடி பார்த்தால் போன வருஷம் ஜூலையிலிருந்து உன் உயிர்கள் அத்தனையும் இங்கேதான் வந்து கிடக்கின்றன, இந்த வீட்டில், அப்பாவும் நானும் சாப்பிடுகிற இடத்தில். எனக்கு அது தெரியாமல் ஒரு வருஷமாக அவற்றுக்கு நடுவில் நடந்துகொண்டு, நீ அங்கே இருக்கிறாய் என்று வயிறெரிந்துகொண்டிருந்தேன். நேற்றிலிருந்து கூடையில் ஒரு கைப்பிடி சோறு கூடுதலாக வைக்கிறேன். நீ வந்துதான் அவற்றைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், தபாலில் எல்லாம் அனுப்ப முடியாது. ஜனவரி பன்னிரண்டாம் தேதி நூல் கட்டுகிற சடங்குக்குக் கோயில் பெரியவரிடம் சொல்லி வைத்துவிட்டேன், சாமந்திப் பூவுக்கும் வாழையிலைக்கும் சொல்லியாகிவிட்டது, பென் அக்காவையும் அவள் மகளையும் முதல் வரிசையில் உட்கார வைக்கப் போகிறேன். முதல் நூல் உனக்கு, நான்தான் கட்டுவேன், அதில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டாவது அந்த அம்மாவுக்கு, அதையும் நானே கட்டுகிறேன், யார் வீட்டுக்கு அனுப்புவது என்று அவரிடமே கேட்டுக் கட்டுகிறேன்.

நீயும் கோலினும் நீண்ட ஆயுசோடும் நோய் நொடி இல்லாமலும் இருக்க வேண்டும், தையல் போட்ட இடத்தில் குளிர் காலத்தில் வலித்தால் சூடாக ஒற்றடம் கொடு, பாரம் தூக்காதே, அந்தப் பூசணிக்காயை இனி கோலின் தூக்கட்டும். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது, இதைப் படித்த கையோடு டிக்கெட்டைப் பார். கத்தரிக்கோலை மறக்காதே.

நீ வரும் வழியையே பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா
கம்மனி

பி.கு.: நீ திரும்பிப் போகும்போது முப்பத்தொன்றைத்தான் அனுப்புவேன். ஒன்றை இங்கேயே நிறுத்திக்கொள்ளப் போகிறேன். இதை மட்டும் அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே, எண்ணிப் பார்த்துவிடுவார்.